அறுந்த இசையும் விடுபட்ட சொல்லும்

துறையின் சிறப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் சங்கப் பாடல்களில் பாலை என்றோ, இசுலாமியச் சிற்றிலக்கியங்களில் உவமை என்றோ எழுதித் தருவோம் என அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். நாமும் அவ்வாறு எண்ணித்தான் தாளை எடுத்து வைத்தோம். ஆனால் சென்ற ஓராண்டுக் காலமாக நம் உள்ளத்தை விட்டு நீங்காத பொருள் வேறொன்றாக இருந்தது. மகிழுந்தில் ஒலிக்கும் பாட்டு இடையிடையே அறுந்து போவது ஏன் என்பதே அப்பொருள். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று பெரியோர் முகம் சுளிக்க வேண்டா. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களின் கைமுறை இல்லாமல் இச்சிக்கலை நாம் அவிழ்த்திருக்க முடியாது. அதனையும் மீறி நாம் ஓரிடத்தில் பெரிதும் தவறினோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் அரூர். நம் அத்தா அவ்வூரில் ஒரு புளி மண்டியில் கணக்கெழுதி வந்தவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும் சீறாப்புராணத்தில் அவருக்கிருந்த தோய்வு, எம்.ஃபில். பட்டம் பெற்று மாணவர்க்கு அதனைப் பாடம் சொல்லும் நமக்கு இன்றளவும் வாய்க்கவில்லை. உமறுப்புலவர் பாடிய 5,027 பாடல்களுள் பல நூறு அவர் நாவில் இருந்தன. அந்நூலைச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842ஆம் ஆண்டில் அச்சேற்றினார் என்று வகுப்பில் நாம் சொல்வோம். அத்தாவுக்கு அந்த ஆண்டெல்லாம் தெரியாது. எந்தப் பாடலை எந்த இராகத்தில் இழுத்துப் படித்தால் கேட்போர் கண் கலங்கும் என்பது தெரியும். நோன்பு மாதத்து இரவுகளில் திண்ணையில் அமர்ந்து அவர் படிக்க, அண்டை வீட்டார் வந்து கேட்பார்கள். அவர்களுள் எல்லாச் சமயத்தவரும் உண்டு.

1991ஆம் ஆண்டு நோன்பின்போது, அரபு நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மாமா, தாம் கொணர்ந்த டேப் ரெக்கார்டரில் அத்தாவின் குரலைப் பதிவு செய்தார். பக்கத்துக்கு அரைமணி நேரம் ஓடும் 60 நிமிடக் கேசட் அது. அத்தா 2011இல் வஃபாத்தானார்கள். அவர் எழுதிய பேரேடுகள் மண்டியோடு போயின. நமக்கென்று எஞ்சியது அந்தக் கேசட் ஒன்றே. அது பலமுறை சிக்கி, பலமுறை பென்சிலை நுழைத்துச் சுற்றப்பட்டு, நெடுநாள் பீரோவில் கிடந்தது. பழைய கருவி ஒன்றைத் தேடி வாங்கி, அதன் ஒலித்தலையையும் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, மடிக்கணினியோடு வயர் கொண்டு இணைத்து, அக்குரலைக் கைப்பேசிக்கு மாற்றி வைத்தோம்.

2022இல் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினோம். முன்கதவுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்கள். பாட்டுப்பெட்டி முந்தைய உரிமையாளர் பின்னாளில் பொருத்தியது. புளூடூத், பென்டிரைவ், பண்பலை வானொலி மூன்றும் அதில் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு மருத்துவம் பார்க்க மாதம் ஒருமுறை சேலம் செல்ல வேண்டியிருந்தது. அம்மா முன்னிருக்கையில் இடப்பக்கம் அமர்வார். வண்டி அரூரைத் தாண்டியதும், “தம்பி, அத்தாவைப் போடு” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நாம் வண்டி வாங்கினோம் என்று சொன்னாலும் தவறில்லை.

முதலில் தொல்லை தந்தது அத்தாவின் குரல் அன்று; நாகூர் ஹனீபாவின் பாடல். அத்தாவைக் கேட்டு முடித்தபின் அம்மா ஹனீபாவைக் கேட்பது வழக்கம். அப்பாடல்களை இணையத்தின் வழியே அவ்வப்போது வரவழைத்து ஒலிக்கச் செய்வோம். மஞ்சவாடிக் கணவாயில் வண்டி ஏறியதும் பாட்டு நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து, நின்ற இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கும். ஒரு சொல்லும் விடுபடாது. இக்குறிப்பை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கைப்பேசி, பாட்டைச் சற்று முன்னதாகவே வாங்கிச் சேமித்துக்கொண்டு செலவிடுகிறது. மலை மறைப்பால் கோபுரத்தின் அலை எட்டாதபோது சேமிப்புத் தீரும்வரை பாடும். தீர்ந்தால் காத்து நிற்கும். அலை கிடைத்ததும் விட்ட இடத்தில் தொடரும். கூலி வந்தால் அடுப்பெரிக்கும் வீடு போன்றது அது. நோய் தெரிந்தபின் மருந்து எளிது. வீட்டிலேயே பாடல்களை இறக்கி வைத்துக்கொண்டோம். கணவாயில் ஹனீபா தங்கு தடையின்றிப் பாடினார்.

அடுத்து அத்தாவின் குரலே அறுபடத் தொடங்கியது. அது கைப்பேசிக்குள்ளேயே இருப்பது. எந்தக் கோபுரத்தையும் நம்பியதன்று. அறுந்த விதமும் வேறு. குரல் கால் விநாடி, அரை விநாடி மறையும். திரும்பி வரும்போது பாட்டு முன்னே சென்றிருக்கும். இடையிலிருந்த அசைகள் போனவை போனவையே. மேலும் கணவாயில் இது குறைவாகவும், அயோத்தியாப்பட்டணம் தாண்டிச் சேலத்துக் கடைவீதிகளுக்குள் நுழைந்தபின் மிகுதியாகவும் இருந்தது. இணையப் பாட்டு மலையில் அறுந்தது. இது நகரில் அறுகின்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது என்பது அப்போதே விளங்கியது.

புளூடூத் என்பது சிறு தொலைவுக்கான வானொலிதான். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவன் என்பதால், கருவிகளை ஒன்று சேர்க்கும் நுட்பத்திற்கு அவன் பெயரை வைத்தார்கள். அதியமானுக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்று தகடூர் நாட்டார் நாம் வருந்துவதுண்டு. அது இருக்கட்டும். புளூடூத்தும், வீடுகளிலும் கடைகளிலும் உள்ள வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், இயங்குகின்றன. நெரிசலில் மோதாமல் இருப்பதற்காக, நாம் பாட்டுக் கேட்கும் வகைப் புளூடூத் 79 சிறு தடங்களிடையே விநாடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செல்கின்றது. சந்தைக் கூட்டத்தில் தலைச்சுமையோடு புகுந்து புறப்படுபவனைப் போல. கூட்டம் அளவு கடந்தால் அவனும் இடறுவான்.

ஆனால் நெரிசல் மட்டுமே காரணம் என்றால் சேலத்தில் ஓடும் எல்லா வண்டிகளிலும் பாட்டு அறுபட வேண்டுமே? பின்னர் கண்டது நம் தவறு. கைப்பேசியைக் கால்சட்டையின் வலப்பையில், கதவோரமாக வைத்துக்கொண்டு ஓட்டுவது நம் பழக்கம். மனித உடம்பின் பெரும்பகுதி நீர். இந்த அலைகளை அது உறிஞ்சிக்கொள்கிறது. பாட்டுப்பெட்டி நடுவில், கைப்பேசி வலப்புறம், இடையில் சற்றே பருத்த பேராசிரியர் ஒருவர். மெலிந்த அலை நகர நெரிசலையும் எவ்வாறு தாங்கும்? கைப்பேசியைப் பாட்டுப்பெட்டிக்குக் கீழேயுள்ள தட்டில் வைத்தோம். பத்தில் ஒன்பது பங்கு நோய் தீர்ந்தது.

எஞ்சிய ஒரு பங்கையும் விடவில்லை. அதே ஒலிக்கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி ஒலிக்கச் செய்தோம். பொருள் அதுவே, வழி மட்டும் வேறு. (முதலில் பாட்டுப்பெட்டி பென்டிரைவை ஏற்க மறுத்தது. பழைய பெட்டிகள் பல எஃப்.ஏ.டி. 32 என்னும் ஒழுங்கில் அமைத்ததை மட்டுமே படிக்கும் என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்லி, அவ்வாறே மாற்றித் தந்தார்கள்.) பென்டிரைவில் அறவே இல்லாத தடை, கைப்பேசியில் மட்டும் இருந்தது. உற்றுக் கவனித்தபோது, ஒவ்வொரு தடையும் ஏதேனும் ஒரு செய்தி வந்து விழும் நொடியில் நேர்ந்தது. செய்தி வந்ததை அறிவிக்கும் மணியோசைக்காகக் கைப்பேசி பாட்டைத் தாழ்த்தி வழிவிடுகிறது. துறை ஆசிரியர்களின் குழுவில் காலை வணக்கம் சொல்வோர் எத்தனை பேர் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அறிவிப்புகளை அடக்கினோம். கைப்பேசியின் மின்சேமிப்பு ஏற்பாடு, பாட்டு இசைக்கும் செயலியைப் பின்னணியில் உறங்கச் செய்வதும் உண்டு என்பதால் அச்செயலிக்கு மட்டும் விலக்கு அளித்தோம். இவற்றையெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் செய்தோம். ஓட்டும்போது கைப்பேசியைத் தொடுகின்ற மாணவச் செல்வங்கள் இவ்வரியை இருமுறை படிக்க.

இவ்வளவையும் செய்து முடித்தபோது நமக்கு ஒரு செருக்கு வந்தது. பொறியியல் படியாத ஒருவன் இதனைக் கண்டுபிடித்தது எவ்வாறு என்று எண்ணிப் பார்த்தபோது, விடை நம் துறையிலேயே இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் சிதைந்த இடங்கள் பல இருந்தன. 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் சொற்கள் இல்லாத இடங்களைப் புள்ளிகள் நிரப்புகின்றன. பதிப்பாசிரியர் ஓர் ஏட்டில் இடைவெளியைக் கண்டால் முதலில் செய்வது, வேறோர் ஏட்டை எடுத்து அதே இடத்தைப் பார்ப்பது. இந்த ஏட்டில் மட்டும் சொல் இல்லை என்றால், எழுதியவன் விட்டுவிட்டான் அல்லது செல்லரித்துவிட்டது. எல்லா ஏட்டிலும் அதே சொல் இல்லை என்றால், அவற்றுக்கெல்லாம் மூலமான ஏட்டிலேயே அது போய்விட்டது.

பாட்டுக்கும் இதுவே முறை. ஒலி அறுபடும்போது பெட்டியைத் தட்டுவதால் பயனில்லை. எங்கே அறுபடுகிறது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாட்டின் அதே சொல்லில் என்றால் குறை பதிவில் உள்ளது. சாலையின் அதே வளைவில் என்றால் குறை அலையில். வண்டி குலுங்கும்போதெல்லாம் என்றால் வயரில். வானொலியைப் போட்டாலும் அறுபடுகிறது என்றால், கைப்பேசியின் மேல் பழிபோடுவது வீண். பெட்டிக்கு அப்பால்தான் தேட வேண்டும். மௌனத்திலும் வகை உண்டு. தருமபுரி வானொலியின் பண்பலை, மலைக்குப் பின்னே மெலியும்போது இரைச்சலோடு மெலியும். புளூடூத் அறுபடும்போது கத்தரித்தாற்போல் அறும். தேர்வுத்தாள் திருத்துவோர்க்கு இது புதிதன்று. ஒரு மாணவர் விட்ட விடைக்கும், வகுப்பே விட்ட விடைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறிவார்கள்.

இம்முறைப்படி பார்த்தபோது, அத்தாவின் பதிவில் ஓரிடம் மட்டும் எந்த வழியில் ஒலித்தாலும் அறுந்தே இருந்தது. பென்டிரைவிலும் அங்கே இல்லை, மடிக்கணினியிலும் இல்லை, மூலக் கேசட்டிலும் இல்லை. நாடாவில் பூசிய காந்தப் பொடி உதிர்ந்தால் இப்படி ஆகும் என்று நூல்கள் சொல்லும். ஆனால் இது உதிர்ந்ததன்று என்பதை நாம் அறிவோம். அறுத்தவர் நாமே.

அப்போது நமக்குப் பதினொரு வயது. மாமாவின் கருவியில் நம் குரலையும் கேட்க வேண்டும் என்று ஆசை. உள்ளே இருந்த கேசட் எது என்று பாராமல், பதிவுக்குரிய சிவப்புப் பொத்தானையும் ஓட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டோம். அத்தா அறையின் வாயிலில் நிற்பதைக் கண்டு அடுத்த நொடியே நிறுத்தினோம். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அந்த ஒரு நொடியில், சுண்டுவிரல் நீள நாடாவிலிருந்து அத்தாவின் குரல் அழிந்தது. போனது ஒரே ஒரு சொல். அத்தா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கேசட்டை வெளியே எடுத்து, அதன் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டையும் பேனாக்கத்தியால் உடைத்தார். அவற்றை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது. அதன்பின் வந்த இரவுகளில் அந்தப் பதிவு ஓடும்போதெல்லாம், அந்த இடம் வந்ததும் அம்மா அடுப்படியில் இருந்தபடியே அச்சொல்லைத் தாம் சொல்வார். அத்தா திண்ணையில் சிரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அச்சொல் எப்படித் தெரியும் என்று நாம் கேட்டதில்லை.

மகிழுந்திலும் அவ்வாறே நடந்தது. மஞ்சவாடிக்குச் சற்று முன்பாக அந்த இடம் வரும். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அச்சொல்லைச் சொல்வார். பாட்டு தொடரும். முதல் ஆண்டு முழுதும் அவ்வாறுதான் சென்றோம்.

பிறகு ஒரு பயணத்தில் அம்மா அதனைச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் சொல்லவில்லை. உறங்கிவிட்டார் என்று எண்ணினோம். அதற்கடுத்த மாதம், “அத்தாவைப் போடட்டுமா அம்மா?” என்று நாமே கேட்டபோது, “வேணாம் தம்பி, சும்மா போவோம்” என்றார். வயது எழுபதைக் கடந்துவிட்டது; பழைய நினைவு துயர் தருகிறது போலும் என்று நமக்கு நாமே விளக்கம் சொல்லிக்கொண்டோம். உரை எழுதுவோர்க்குள்ள நோய் இது. மூலத்தைப் பாராமலே விளக்கம் எழுதிவிடுவோம். புளூடூத்துக்கு அத்தனை சோதனை செய்த நாம், அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒருநாள் சேலத்தில் முழங்கால் மருத்துவரைப் பார்த்து வெளியே வந்தபின், அம்மா தயங்கித் தயங்கி, “இங்கே காதுக்குப் பாக்குற டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?” என்றார். நாம் திகைத்தோம். “கொஞ்ச மாசமா காது விட்டு விட்டுப் போவுது. உன்கிட்ட சொன்னா செலவு வைப்பேன்னுதான் சொல்லல” என்றார். அத்தாவின் தாயார் கடைசிக் காலத்தில் முற்றிலும் செவிடாகி, வீட்டு மூலையில் யாரோடும் பேசாமல் இருந்து மறைந்தவர். அவரைப் பத்தாண்டு பேணியவர் அம்மா. அந்த முடிவு தமக்கும் வந்துவிட்டது என்று பல மாதங்களாக உள்ளுக்குள் அஞ்சியிருக்கிறார்.

காது மருத்துவர் தக்க ஆய்வுகள் செய்தார். ஒலி புகாத சிற்றறையில் அம்மாவை அமர்த்தி, காதில் கருவி மாட்டி, உயர்ந்த ஒலியிலிருந்து தாழ்ந்த ஒலிவரை ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்து வரைபடம் எடுத்தார்கள். வலக்காதில் வயதுக்கேற்ற மந்தம் சற்றுக் கூடுதல். இடக்காது நன்றாகவே இருந்தது. பிறகு அவர் அம்மாவிடம் கேட்டது நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. “எங்கே இருக்கும்போது விட்டு விட்டுப் போகுதும்மா?” அம்மா சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். வீட்டில் பேச்சு கேட்கிறது. பாங்கு கேட்கிறது. தொலைக்காட்சியும் கேட்கிறது. “கார்ல அவுக அத்தா படிக்கிறப்பதான்.” வயதால் வரும் செவி மந்தம் இப்படி வந்து வந்து போவதன்று, இடம் பார்த்து வருவதுமன்று என்று மருத்துவர் விளக்கினார். பின்பு நம்மைப் பார்த்து, “காதைப் பாத்தாச்சு. நீங்க காரைப் பாருங்க” என்றார்.

அன்று திரும்பும் வழியில் பாட்டைப் போடவில்லை. அம்மா சிரித்தபடியே வந்தார். நமக்குத்தான் பேச்சு எழவில்லை.

அரூர்க் கச்சேரிமேட்டுப் பகுதியில் மகிழுந்து மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரின் சிறுகடை உள்ளது. (இங்கே கச்சேரி என்பது இசைக் கச்சேரியன்று, அரசு அலுவலகம், ஆயினும் பொருத்தமான பெயர்தான்.) மறுநாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். புளூடூத்தில் நாம் செய்த சோதனைகளையெல்லாம் வரிசையாக எடுத்துரைத்தோம். இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், யாருக்குக் கேக்கல? அவங்க எந்த சீட்டுல உக்காருவாங்க?” என்றார். அம்மாவின் இருக்கையைக் காட்டினோம். அவர் அதில் போய் அமர்ந்தார். ஓராண்டில் ஒருமுறைகூட நாம் அந்த இருக்கையில் அமர்ந்து கேட்டதில்லை.

பாட்டுப்பெட்டியில் ஒலியை வலமும் இடமும் பிரிக்கும் பேலன்ஸ் என்னும் அமைப்பைத் திருகி, ஒலி முழுவதையும் இடப்பக்கம் தள்ளினார். அத்தாவின் குரல் இடக்கதவிலிருந்து மட்டும் வந்தது. பிறகு கதவை மெல்லத் திறந்தார். பாதி திறந்தபோது குரல் நின்றது. மூடினால் வந்தது. கதவை மூடிவிட்டுக் கையால் குத்தினார்; மறுபடி நின்றது. “அவ்வளவுதான் சார்” என்று கதவுக்கும் வண்டிக்கும் இடையில் உள்ள ரப்பர்க் குழாயைப் பிதுக்கி, அதனுள் செல்லும் வயர்களை வெளியே இழுத்தார். மேலுறை முழுதாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனையும் முனையும் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விடத்தில் வயர் மடிந்து நிமிர்கின்றது. ஆண்டுக்கணக்கில் மடிந்தால் இரும்பே முறியும், செம்பு எம்மாத்திரம்? சாலைக் குலுக்கலில் முனைகள் விலகும்போது இடக்கதவின் ஸ்பீக்கர் ஊமையாகும். உறையும் கிழிந்து இழை கதவின் இரும்பைத் தொட்டால், பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள ஒலி முழுவதையும் நிறுத்திவிடும் என்றும் அவர் சொன்னார். நமக்கு அப்படி நேர்ந்திருந்தால் முதல் நாளே நோய் தெரிந்திருக்கும். அரைகுறையாக இருந்ததால்தான் ஏமாந்தோம்.

அந்தப் பதிவு ஒற்றை ஒலிவாங்கியில் எடுத்தது. இரு கதவுகளிலும் ஒரே ஒலிதான் வரும். இடக்கதவு ஊமையானபோதும் நம் வலக்கையருகில் இருந்த கதவில் அத்தா தடையின்றிப் படித்துக்கொண்டிருந்தார். சற்றே ஓசை தாழ்ந்ததை நாம் பொருட்படுத்தவில்லை. அம்மாவுக்கோ நல்ல காது இடக்காது. அது சாய்ந்திருந்த கதவு ஊமையாகிவிட்டது. மந்தமான வலக்காதுக்கு, எஞ்சின் இரைச்சலையும் காற்றையும் மீறி, நம் பக்கத்து ஒலி சொற்களாக எட்டவில்லை. ஒரே வண்டியில், ஒரே பாட்டை, இருவரும் இரு பாடங்களாகக் கேட்டு வந்திருக்கிறோம். நம் கையில் இருந்த ஏடு முழுதாக இருந்ததால், அடுத்தவர் ஏட்டைப் பார்க்கவே இல்லை. ஒப்பு நோக்குக என்று மாணவர்களுக்குப் பலகையில் எழுதிப் போட்ட கைதான் இது.

இளைஞர் நைந்த பகுதியை வெட்டி எறிந்தார். புதிய வயர்த் துண்டை வைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, இணைப்புக்கு மேல் உறை போட்டார். கதவு முழுதும் திறந்தாலும் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விட்டு, ரப்பர்க் குழாய்க்குள் மீண்டும் செலுத்தினார். வலக்கதவையும் பார்த்துவிடச் சொன்னோம். அது நன்றாக இருந்தது. எல்லாம் முக்கால் மணி நேர வேலை. கூலி 400 ரூபாய். புதிய பாட்டுப்பெட்டியே வாங்கிவிடலாம் என்று ஒருமுறை நாம் எண்ணியதும் உண்டு. வாங்கியிருந்தால் பல ஆயிரம் செலவாகி, அறுந்த வயர் அறுந்தபடியே இருந்திருக்கும்.

அம்மாவைத் தம் இருக்கையில் அமரச் செய்து, பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டார் இளைஞர். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அத்தாவின் குரல் இரு கதவுகளிலிருந்தும் எழுந்தது. கச்சேரிமேட்டின் பேருந்து இரைச்சலுக்கு இடையிலும் ஒவ்வோர் அசையும் தெளிந்து நின்றது. இளைஞர் கதவைத் திறந்தார், மூடினார், குத்திப் பார்த்தார். ஒலி அசையவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். தேநீர் வந்தது. அவ்வேளையில் அந்த இடமும் வந்தது. குரல் ஒரு நொடி இல்லாமற்போயிற்று. இளைஞர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு விரைந்து எழுந்து, “சார், இன்னும் வெட்டுதே!” என்றார்.

அதற்குள் அம்மா, கண்ணைத் திறவாமலே, அந்தச் சொல்லைச் சொல்லி முடித்திருந்தார்.

“அது ஒயரு இல்லப்பா” என்றார் அவரிடம். “இவன் சின்னப் புள்ளையில வெட்டுனது.”

இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, கதவை இன்னொரு முறை திறந்து மூடிப் பார்த்தார்.